எந்த ஸ்கிரீன் ரீடர், எந்த பிரவுசர்? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

புதிதாக லேப்டாப் வாங்கிய பார்வையற்ற மாணவர்களும், பார்வை மங்கிவரும் அப்பா அம்மாவுக்காக விசாரிக்கும் பிள்ளைகளும் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "என்விடிஏ போடலாமா, ஜாஸ் வாங்கலாமா? விண்டோஸிலேயே இருக்கிற நரேட்டர் போதாதா?" அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். குரோமா, ஃபயர்பாக்ஸா, எட்ஜா?

முதல் கேள்வியில் வரும் மூன்றும் ஸ்கிரீன் ரீடர்கள், அதாவது கணினியில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருள்கள். இரண்டாவதில் வருபவை இணையப் பக்கங்களைத் திறக்கும் பிரவுசர்கள். இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் சரியான பதில் கிடைக்காது. ஸ்கிரீன் ரீடர் திரையைப் பார்த்துப் படிப்பதில்லை. பக்கத்தில் எது தலைப்பு, எது இணைப்பு, எது பொத்தான், எந்தப் பெட்டிக்கு என்ன பெயர் என்ற விவரங்களை பிரவுசர் உள்ளுக்குள் ஒழுங்குபடுத்தி வைக்கிறது. ஸ்கிரீன் ரீடர் அதை வாங்கிப் பேசுகிறது. பிரவுசர் தாமதமாகக் கொடுத்தால் பேச்சும் தாமதமாகும். தவறாகக் கொடுத்தால் தவறாகவே பேசும். ஒரு ஜோடியில் சரளமாக ஓடும் பக்கம் வேறு ஜோடியில் திணறுவது இதனால்தான்.

நான் தினமும் புழங்குவது என்விடிஏ. அந்தச் சாய்வு என் எழுத்தில் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள். கட்டுரையைத் தலைப்புகளாகப் பிரித்திருக்கிறேன். எச் விசையை அழுத்தி வேண்டிய பகுதிக்குத் தாவலாம்.

## எதை வைத்து அளப்பது

தமிழ். நமக்கு முதல் அளவுகோல் இதுதான். ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒப்பீடுகளில் இது இருக்காது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அமைப்புகளில் பேச்சு என்ற பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற ஆண்குரல் இறங்கும். அது நரேட்டரிலும் பேசும், என்விடிஏவிலும் பேசும். என்விடிஏவோடு சேர்ந்தே வரும் ஈஸ்பீக் என்ஜி என்ற குரல் மென்பொருளிலும் தமிழ் உண்டு. கேட்க இயந்திரத்தனமாக இருக்கும். முதல் நாள் பலருக்குப் பிடிக்காது. ஆனால் வேகத்தைக் கூட்டக் கூட்ட அதன் உச்சரிப்பு சிதைவதில்லை. நிறையப் படிக்க வேண்டியவர்கள் கடைசியில் அதற்கே வந்து சேர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

குரல் இருந்தால் மட்டும் போதாது, சரியான இடத்தில் மாறவும் வேண்டும். பக்கத்தை உருவாக்கியவர் "இது தமிழ்" என்று நிரலில் மொழிக்குறிப்பு போட்டிருந்தால் குரல் தானாக மாறும். நம் தளங்கள் பலவற்றில் அந்தக் குறிப்பு இருப்பதில்லை, அல்லது ஆங்கிலம் என்றே இருக்கும். அப்போது விண்டோஸின் ஆங்கிலக் குரல் தமிழ் வரிகளைச் சத்தமே இல்லாமல் கடந்துவிடும். பக்கம் காலி என்று நினைத்து மூடிவிடுகிறவர்கள் உண்டு. எனவே குரலைக் கையால் சட்டென்று மாற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

விரல் பழக்கம். கட்டளைகள் விரலில் ஏறுவதற்கு ஆகும் நாட்கள்தான் இதில் உண்மையான செலவு. பக்கத்தில் வேண்டிய இடத்துக்குத் தாவ ஒற்றை எழுத்து விசைகள் உண்டு, அவற்றைத் தாவல் விசைகள் என்கிறேன். எச் தலைப்புக்கு, இ எழுதும் பெட்டிக்கு, எக்ஸ் டிக் பெட்டிக்கு, டி (T) அட்டவணைக்கு என்று அடிப்படை எழுத்துகள் மூன்று ஸ்கிரீன் ரீடர்களிலும் பெரும்பாலும் ஒன்றுதான். கொஞ்சம் உள்ளே போனால் வேறுபாடு தொடங்குகிறது. கே என்பது என்விடிஏவிலும் நரேட்டரிலும் அடுத்த இணைப்பு. ஜாஸில் அது நாம் முன்பு குறித்துவைத்த இடத்துக்குப் போகும் விசை. ஆர் என்பது ஜாஸில் பக்கத்தின் அடுத்த பகுதி, என்விடிஏவில் ரேடியோ பொத்தான். சின்ன விஷயம்தான். ஆனால் படிவத்தின் நடுவில், நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது விரல் தவறான இடத்துக்குக் கூட்டிப்போனால் அது சின்ன விஷயமாகத் தோன்றாது.

படிவம் நிரப்புதல். செய்தி படிக்க எந்த ஜோடியும் போதும். சோதிக்க வேண்டிய இடம் படிவம். ஒரு தேர்வு விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்வோம். இ அழுத்துகிறோம், "பெயர், எழுதும் பெட்டி" என்கிறது. என்டர் அடித்ததும் சின்ன ஒலி ஒன்று கேட்கிறது. இனி அடிக்கும் எழுத்து தாவல் விசை இல்லை, பெட்டிக்குள் விழும் எழுத்து. அடுத்தது பிறந்த தேதி. தட்டச்சு செய்ய விடாத நாள்காட்டி ஒன்று திறக்கிறது. அம்புக்குறியை அழுத்தினால் நாள் நகர்கிறதா, பக்கத்தில் அடுத்த வரிக்குப் போகிறதா? மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் வட்டங்களின் பட்டியல் புதிதாக வருகிறது. வந்ததைச் சொல்கிறதா, மௌனமாக இருக்கிறதா? அல்லது நம்மைப் பக்கத்தின் உச்சிக்கே தூக்கிப் போட்டுவிடுகிறதா? நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் தளத்தில் இந்த மூன்று இடங்களையும் சோதித்துப் பாருங்கள். விளம்பரத்தில் சொல்லாதது இங்கே தெரிந்துவிடும்.

பணம், கணினியின் வயது, பக்கத்தில் யார். முதலிரண்டும் தெரிந்ததே. மூன்றாவதைப் பலர் நினைப்பதில்லை. தடுமாறும்போது போனில் கூப்பிட்டுக் கேட்க ஒருவர் இருந்து, அவர் பயன்படுத்தும் மென்பொருளும் உங்களுடையதும் ஒன்றாக இருந்தால், கற்கும் நேரம் பாதியாகச் சுருங்கிவிடும்.

## என்விடிஏ

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கியது. பார்வையற்றவர்களுக்கான மென்பொருளைப் பார்வையற்றவர்களே பெரும் விலை கொடுத்து வாங்க வேண்டியிருப்பது சரியில்லை என்பதுதான் தொடக்கம். அவரும் ஜேம்ஸ் டே என்பவரும் சேர்ந்து நடத்திய என்வி ஆக்சஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு இதை இலவசமாகத் தருகிறது. இருவருமே பார்வையற்றவர்கள். நிரல் திறந்த மூலம், அதாவது யாரும் பார்க்கலாம், மாற்றலாம். இதன் மெனுக்களையும் பயனர் கையேட்டையும் தமிழிலேயே படிக்கலாம். ஆங்கிலம் தடையாக இருக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி.

தமிழ்ப் பக்கங்களில் என்விடிஏ முந்துவது குரல் மாற்றத்தில். இன்சர்ட், கண்ட்ரோல் இரண்டையும் பிடித்துக்கொண்டு இட வலம் அம்புக்குறியால் "குரல்" என்ற இடத்துக்கு வந்து, மேல் கீழ் அம்புக்குறியால் மாற்றிவிடலாம். லேப்டாப் விசையமைப்பில் கூடவே ஷிப்டும் வேண்டும். இன்னும் வசதி வேண்டுமென்றால் தமிழ்க் குரலோடு தனி அமைப்புத் தொகுப்பு ஒன்றை உருவாக்கி, அதற்கு ஒரு விசைச் சேர்க்கையை ஒதுக்குங்கள். மொழிக்குறிப்பு இல்லாத பக்கம் வந்தால் ஒரே அழுத்தில் தமிழ், மறு அழுத்தில் பழையபடி. நான் என்விடிஏவிலேயே தங்கிவிட்டதற்கு முதல் காரணம் இந்த வசதிதான்.

பக்கத்தின் எலும்புக்கூட்டைப் பார்க்க இன்சர்ட் + எஃப்7. தலைப்புகள், இணைப்புகள், படிவப் பெட்டிகள், பொத்தான்கள் எல்லாம் பட்டியலாக வரும். ஓரிரு எழுத்தை அடித்தாலே வடிகட்டிக் கொடுக்கும். எழுதும் பெட்டியில் மாட்டிக்கொண்டு தாவல் விசைகள் வேலை செய்யாவிட்டால் இன்சர்ட் + ஸ்பேஸ். புதிதாகக் கற்கிறவர்கள் முதல் நாளிலேயே மனதில் வைக்க வேண்டியவை இந்த இரண்டும்.

பென்டிரைவில் போட்டுக்கொண்டு போய், நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ நிறுவாமலேயே ஓட்டலாம். இதற்கு ஒரு வரம்பு உண்டு. அப்படி ஓடும் பிரதி, விண்டோஸ் நுழைவுத் திரையையும் நிர்வாகி அனுமதி கேட்கும் திரையையும் படிக்காது. அந்தத் திரை வந்தால் கணினி திடீரென்று ஊமையாகிவிட்டது போல இருக்கும். சொந்தக் கணினியில் கட்டாயம் நிறுவியே பயன்படுத்துங்கள்.

மறைமுகச் செலவு என்ன? கூப்பிட்டால் உடனே வந்து சரிசெய்து தரும் விற்பனையாளர் கிடையாது. பயனர் குழுக்களில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அலுவலகத்தின் சொந்த மென்பொருளில் ஒரு பொத்தானுக்குப் பெயரே இல்லை என்றால், அதற்குத் தனியாக எழுதித் தர ஆள் தேட வேண்டும். கூடுதல் செருகுநிரல்கள் 2023.2 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கும் கடையில் கிடைக்கின்றன. ஆனால் பதிப்பு மாறும்போது சில செருகுநிரல்கள் நின்றுவிடும். முக்கியமான விண்ணப்பத்தின் கடைசி நாளன்று புதிய பதிப்பை இறக்காதீர்கள்.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: 2024.1 முதல் என்விடிஏ விண்டோஸ் 7இல் ஓடாது. விண்டோஸ் 7 என்றால் 2023.3 வரிசையோடு நிற்க வேண்டியதுதான்.

எப்போது இது நல்ல தேர்வு: சொந்தக் காசில் தொடங்கும் மாணவர், தமிழும் ஆங்கிலமும் கலந்து படிப்பவர், வேலை மாறினாலும் பழக்கத்தைக் கூடவே கொண்டுபோக விரும்புபவர். தங்கள் தளத்தைச் சோதிக்க விரும்பும் பார்வையுள்ள நிரலாளர்களுக்கும் இதுவே. பேசுவதை எழுத்தாகவும் காட்டும் ஜன்னல் ஒன்று இதில் இருக்கிறது.

## ஜாஸ்

மூத்தது இதுதான். விபத்தில் பார்வையிழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் தொடங்கிய நிறுவனத்தின் வெளியீடு. விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் காலத்தில், 1989இல் வந்தது. இன்று ஃப்ரீடம் சயன்டிஃபிக் பெயரில் வருகிறது.

அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு 2023 டிசம்பர், 2024 ஜனவரியில் நடத்திய பயனர் கணக்கெடுப்பில், முதன்மையாகப் பயன்படுத்துவது ஜாஸ் என்றவர்கள் 40.5 சதவீதம், என்விடிஏ என்றவர்கள் 37.7 சதவீதம். பதில் சொன்னவர்களில் வட அமெரிக்கர்கள் அதிகம். அங்கே அலுவலகமோ அரசோ பணம் கட்டிவிடுவது வழக்கம். எனவே "உலகமே ஜாஸைத்தான் பயன்படுத்துகிறது" என்று யாராவது இந்த எண்ணைக் காட்டினால் அதை நம் நிலைமைக்கு அப்படியே பொருத்திவிடாதீர்கள்.

ஜாஸின் பலம் ஸ்கிரிப்ட். ஒரு குறிப்பிட்ட மென்பொருளிலோ தளத்திலோ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தனியாக எழுதிக் கொடுக்கலாம். வங்கி, காப்பீடு, வாடிக்கையாளர் சேவை மையம் போன்ற இடங்களில் உள்ள சிக்கலான திரைகளை இப்படித்தான் வேலைக்கு ஏற்றதாக மாற்றுகிறார்கள். சாதாரணப் பயனருக்கும் ஒன்று உண்டு. ஃப்ளெக்சிபிள் வெப் என்ற வசதியில், தினமும் போகும் தளத்தில் வேண்டாத பகுதியை மறைத்துவிடலாம். நேராக இந்த இடத்திலிருந்து படி என்றும் சொல்லி வைக்கலாம். ஒவ்வொரு நாளும் அதே நாற்பது மெனு இணைப்புகளைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பட்டியல்களும் பிரித்தே வரும். இன்சர்ட் + எஃப்5 படிவப் பெட்டிகள், எஃப்6 தலைப்புகள், எஃப்7 இணைப்புகள்.

இனி செலவு. நிரந்தர உரிமம் வாங்க இந்தியாவில் பத்தாயிரக்கணக்கில் ஆகும். அதோடு முடியாது. ஒவ்வோர் ஆண்டும் புதிய பதிப்பு வருகிறது. பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மேம்படுத்தத் தனியாகக் கட்ட வேண்டும். பிரவுசர்கள் தாமாகவே புதுப்பித்துக்கொண்டே போகும், ஜாஸ் மட்டும் அதே இடத்தில் நிற்கும். சில ஆண்டுகளில் அந்த இடைவெளி வலைப்பக்கங்களில் தெரியத் தொடங்கும். "ஒருமுறை வாங்கினால் வாழ்நாளுக்கும் போதும்" என்று விற்பவர் சொன்னால், பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று அங்கேயே கேளுங்கள்.

உரிமம் இல்லாமலும் 40 நிமிடம் ஓடும். பிறகு கணினியை மறுபடி தொடங்க வேண்டும். வாங்கும் முன் அந்த 40 நிமிடத்தில் உங்கள் தமிழ்ப் பக்கங்களைத் திறந்து, தமிழ்க் குரல் எப்படி வருகிறது, எவ்வளவு எளிதாக மாறுகிறது என்று காதால் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பூட்டு உடைத்த ஜாஸைச் சிடியிலும் பென்டிரைவிலும் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள். ஸ்கிரீன் ரீடர் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு விசையையும், திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் பார்க்கும் மென்பொருள். யார் கைவைத்தது என்று தெரியாத ஒன்றிடம் வங்கிக் கடவுச்சொல்லை ஒப்படைப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். சட்டப்படியே இலவசமாக நல்லது கிடைக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

எப்போது இது நல்ல தேர்வு: அலுவலகம் பணம் கட்டும்போது; அந்த அலுவலக மென்பொருளுக்கு ஏற்கெனவே ஸ்கிரிப்ட் இருக்கும்போது; கொஞ்சம் பார்வை இருந்து பெரிதாக்கியும் பார்க்க வேண்டியவர்களுக்கு, ஜாஸும் ஜூம்டெக்ஸ்டும் சேர்ந்த ஃபியூஷன் என்ற தொகுப்பாக. அரசு நிறுவனத்தில் வேலை என்றால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20வது பிரிவு, பணியிடத்தில் நியாயமான வசதிகளைச் செய்து தரச் சொல்கிறது. ஸ்கிரீன் ரீடர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

## நரேட்டர்

கண்ட்ரோல் + விண்டோஸ் + என்டர். எந்த விண்டோஸ் 10, 11 கணினியிலும் இதை அழுத்தினால் பேசும். விண்டோஸை நிறுவும் திரையிலேயே பேசும். யாருடைய உதவியும் இல்லாமல் புதுக் கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்து, தொடங்கி, எட்ஜைத் திறந்து, என்விடிஏவை இறக்கி நிறுவ இதுவே போதும். இந்த ஒன்றுக்காகவே நரேட்டரின் அடிப்படையை எல்லோரும் கற்றுவைக்க வேண்டும் என்பேன். என்விடிஏ ஒரு நாள் மக்கர் செய்தால் கைகொடுப்பதும் இதுதான்.

முன்பெல்லாம் பெயருக்குத்தான் இருந்தது. இப்போது அப்படிச் சொல்ல முடியாது. தாவல் விசைகள் வந்துவிட்டன. கேப்ஸ் லாக் + எஃப்5, எஃப்6, எஃப்7 பட்டியல்கள் வந்துவிட்டன. பெயரில்லாத படத்தின் மேல் நின்று கேப்ஸ் லாக் + கண்ட்ரோல் + டி (D) அழுத்தினால் அது என்ன படம் என்று சொல்லப் பார்க்கும். அதற்காகப் படம் மைக்ரோசாஃப்ட் சேவைக்குப் போகும் என்பதால் முதலில் அனுமதி கேட்கும்.

குறை எங்கே என்றால், நீளமான, நகர்ந்துகொண்டே இருக்கும் பக்கங்களில் விரல் முன்னே போகும், பேச்சு பின்னால் வரும். என்விடிஏவைப் போலச் செருகுநிரல்களோ, ஜாஸைப் போல ஸ்கிரிப்டோ இல்லை. ஒரு தளத்தில் பிரச்சினை என்றால் நாமாகச் செய்துகொள்ள வழி குறைவு.

எப்போது இது நல்ல தேர்வு: எதையும் நிறுவ அனுமதிக்காத அலுவலக, நூலகக் கணினி, மின்னஞ்சலும் செய்தியும் மட்டும் போதும் என்கிற பெரியவர், அவசரத்துக்கு.

லினக்ஸில் ஓர்கா, மேக்கில் வாய்ஸ்ஓவர் என்று இரண்டு உண்டு. ஓர்கா இலவசம், ஃபயர்பாக்ஸோடு நன்றாகப் போகும், ஈஸ்பீக் தமிழும் பேசும். ஆனால் கற்றுத்தர ஆள் கிடைப்பது கடினம். வாய்ஸ்ஓவர் மேக்கிலேயே இருக்கிறது, சஃபாரியோடு பொருந்தும். ஐபோனில் அதைப் பழகியவர்கள் விசைகளைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே அந்தக் கணினி கையில் இருந்தால் பயன்படுத்துங்கள். ஸ்கிரீன் ரீடருக்காகப் புதிதாக வாங்க நான் சொல்ல மாட்டேன்.

## குரோம்

மேலே சொன்ன கணக்கெடுப்பில் 52.3 சதவீதம் பேர் அதிகம் பயன்படுத்துவது குரோம். இதற்கு எளிய காரணம் உண்டு: தளம் உருவாக்குகிறவர்கள் முதலில் சோதித்துப் பார்ப்பது குரோமில்தான். முன்பதிவு, கட்டணம், விண்ணப்பம் என்று கைப்பிழை ஆகக் கூடாத வேலைகளுக்கு இதுவே பத்திரமான இடம். அமைப்புகளின் அணுகல்தன்மைப் பகுதியில், பெயரில்லாத படங்களுக்கு கூகுளிடமிருந்து விளக்கம் பெறும் வசதியும் இருக்கிறது. நரேட்டர் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2025இல் வந்த 138ஆம் பதிப்பிலிருந்து, நரேட்டர் நம்பியிருக்கும் விண்டோஸ் வழிமுறையை குரோம் நேரடியாகவே ஆதரிக்கிறது.

செலவு நினைவகத்தில். 4 ஜிபி ரேம் கணினியில் பிரவுசரில் ஏழெட்டு டேப்களைத் திறந்து வைத்தால் பேச்சு இழுக்கத் தொடங்கும். பார்வையுள்ளவர் "கொஞ்சம் மெதுவாக இருக்கு" என்று நகர்ந்துவிடுவார். நமக்கோ ஒவ்வொரு விசைக்கும் காத்திருக்க வேண்டும். டேப்களை மூடும் பழக்கம் வேண்டும்.

## ஃபயர்பாக்ஸ்

என்விடிஏ வளர்ந்ததே ஃபயர்பாக்ஸோடு சேர்ந்துதான். நடுவில் சில ஆண்டுகள் வேகம் குறைந்து பலர் குரோமுக்குப் போய்விட்டார்கள். என்விடிஏவை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜேம்ஸ் டே பின்னர் மொசில்லாவில் சேர்ந்தார். ஸ்கிரீன் ரீடருக்குத் தகவல் கொடுக்கும் பகுதியை அங்கே புதிதாகவே எழுதினார்கள். 2023 மே மாதம் வந்த 113ஆம் பதிப்பில் அது எல்லோருக்கும் கிடைத்தது. "ஃபயர்பாக்ஸ் மெதுவானது" என்று அதற்கு முன் முடிவு கட்டியவர்கள் இப்போது ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

தமிழ்ச் செய்தித் தளங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கட்டுரையைத் திறந்து எஃப்9 அழுத்தினால் விளம்பரமும் மெனுவும் விலகி, தலைப்பும் உரையும் மட்டும் நிற்கும். தானாக ஓடும் வீடியோவின் இரைச்சலில் குரலைத் தேட வேண்டாம். எல்லாப் பக்கத்திலும் இது வராது. கட்டுரை வடிவில் உள்ளவற்றில் வரும்.

குறை: சில அரசு, வங்கித் தளங்கள் "குரோமிலோ எட்ஜிலோ திறக்கவும்" என்று திருப்பி அனுப்பிவிடும். ஃபயர்பாக்ஸை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிப்பதற்கு இது ஒன்றே தடை.

## எட்ஜ்

2020 ஜனவரியிலிருந்து எட்ஜின் உள்ளே இருப்பது குரோமை இயக்கும் அதே குரோமியம் என்ற நிரல்தான். எனவே தளங்கள் திறப்பதில் பெரிய வேறுபாடு இல்லை. இதன் சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது: கண்ட்ரோல் + ஷிப்ட் + யூ அழுத்தினால் பக்கத்தை உரக்கப் படிக்கும். அதில் இணையவழித் தமிழ்க் குரல்கள் உண்டு. இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர். இலங்கைத் தமிழுக்குச் சரண்யா, குமார். சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு. மலேசியாவுக்குக் கனி, சூர்யா. நம் ஸ்கிரீன் ரீடர்களில் வரும் தமிழைவிட இவை மனிதக் குரலுக்கு வெகு அருகில் இருக்கின்றன. நீண்ட கட்டுரையை உட்கார்ந்து கேட்க மிக நன்று.

ஆனால் இது ஸ்கிரீன் ரீடருக்கு மாற்று இல்லை. எங்கே நிற்கிறோம், எந்தப் பெட்டியில் எழுதுகிறோம் என்று சொல்லாது. இணையம் அறுந்தால் இந்தக் குரல்களும் நின்றுவிடும். என்விடிஏவும் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று பேசும். இன்சர்ட் + ஷிப்ட் + எஸ் அழுத்தி எட்ஜுக்கு மட்டும் என்விடிஏவை உறங்க வைத்துவிட்டுக் கேளுங்கள். லேப்டாப் விசையமைப்பில் எஸ்ஸுக்குப் பதில் இசட்.

இன்னொன்று, எட்ஜ் திறந்ததும் வரும் முதல் பக்கம். செய்தி, வானிலை, விளம்பரம் என்று இணைப்புகள் குவிந்து கிடக்கும். அமைப்புகளில் அதைக் காலிப் பக்கமாக மாற்றிவிட்டுத்தான் புதியவர்களுக்குச் சொல்லித்தரத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாளே பயந்துவிடுவார்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரரை நம்பி எழுதிய பழைய அலுவலகத் தளம் ஏதாவது இருந்தால், அதைத் திறக்கவும் எட்ஜின் ஐஇ முறைதான் வழி.

## யாருக்கு எது

கல்லூரி மாணவர், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்: என்விடிஏ. படிக்க ஃபயர்பாக்ஸ், விண்ணப்பிக்க குரோம். இரண்டையும் வைத்துக்கொள்வதில் கூடுதல் கற்றல் எதுவும் இல்லை, ஸ்கிரீன் ரீடர் விசைகள் இரண்டிலும் ஒன்றுதான்.

வேலையில் சேரப் போகிறவர்: என்விடிஏவில் உறுதியாகப் பழகிவிட்டு, ஜாஸின் 40 நிமிட முறையில் மாறுபடும் விசைகளை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் "ஜாஸ் தெரியுமா?" என்றால் தயங்காமல் பதில் சொல்ல அது போதும். சேர்ந்த பிறகு அலுவலகம் எதைக் கொடுக்கிறதோ அதற்கு மாறலாம்.

அறுபது வயதுக்கு மேல் பார்வை குறையத் தொடங்கியவர்: முழு ஸ்கிரீன் ரீடரை எடுத்த எடுப்பில் திணிக்காதீர்கள். எட்ஜில் எழுத்தைப் பெரிதாக்கி, உரக்கப் படிக்கும் வசதியில் தமிழ்க் குரலைப் போட்டுக் கொடுங்கள். நாளிதழ் மறுபடி கைக்கு வந்துவிட்டது என்ற தெம்பு வரட்டும். அப்புறம் நரேட்டரில் மூன்று விசை: தலைப்புக்கு எச், இணைப்புக்கு கே, பேச்சை நிறுத்த கண்ட்ரோல். பார்வை மேலும் குறையும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், இன்னும் கொஞ்சம் தெரிகிறபோதே என்விடிஏவைத் தொடங்குவது நல்லது. திரையை அறவே பார்க்க முடியாமல் போன பிறகு தொடங்கினால் சுமை அதிகம்.

## எந்த ஜோடியும் உதவாத இடம்

வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணம் திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எந்த ஸ்கிரீன் ரீடரும் அதை அர்த்தமற்ற எழுத்துக் கூட்டமாகவே படிக்கும். யூனிகோடுக்கு மாற்றினால்தான் உண்டு. நாம் மனிதர்தானா என்று சோதிக்க, படத்தில் தெரியும் எழுத்துகளையோ எண்களையோ அடிக்கச் சொல்லும் கேப்சாவும், ஒலி வழி இல்லாவிட்டால், அப்படித்தான். ஒலி வழி இருந்தால், இன்சர்ட் + எஸ் மூலம் என்விடிஏவின் பேச்சை நிறுத்திவிட்டு அதை இயக்குங்கள். எண்கள் தெளிவாகக் கேட்கும்.

எல்லாப் பெட்டிகளையும் சரியாக நிரப்பி, கடைசியில் ஒரு படக் கேப்சாவுக்காகப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு நம் ஆதார் எண்ணையும் வருமானத்தையும் அவன் பார்க்கும்படி செய்ய வேண்டியிருப்பது நியாயமில்லை. ஸ்கிரீன் ரீடரை மாற்றினாலும் இது தீராது, தளத்தைத்தான் மாற்ற வேண்டும். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. புகார் எழுதும்போது அதைக் குறிப்பிடுங்கள். "உங்கள் தளம் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. ஸ்கிரீன் ரீடரின் பெயரும் பதிப்பும், பிரவுசரின் பெயரும் பதிப்பும், பக்கத்தின் முகவரி, எந்தப் பெட்டியில் நின்று எந்த விசையை அழுத்தினீர்கள், என்ன சொன்னது, என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை வரிசையாக எழுதுங்கள். அதே இடத்தை வேறொரு ஜோடியிலும் ஒருமுறை சோதித்து அந்த முடிவையும் சேர்த்து அனுப்பினால், "உங்கள் கணினியில்தான் கோளாறு" என்று அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது.